வழி கேட்காமல் போய்ச் சேர்வது

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே நம் பையன் ஒருவனை அடித்துவிட்டார்கள். புகார் எழுதித் தர அவனுடைய அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். “ராத்திரி வாங்க தோழர், கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று போனில் சொன்னார். நானும் இன்னொரு தோழரும் என் பழைய ஸ்பிளெண்டரில் கிளம்பினோம். நாற்பது கிலோமீட்டர், விடாத தூறல். என் போன் பிளாஸ்டிக் உறைக்குள், உறை சட்டைப் பைக்குள். பின்னால் உட்கார்ந்திருந்த தோழர்தான் தன் போனில் மேப்பைப் பார்த்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மேப் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஊர்த்தெரு மாரியம்மன் கோயில் வாசல். அதற்கு மேல் அதற்கு வழி தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, தெருவிளக்குக்குக் கீழே இரண்டு பேரும் குனிந்து ஈரத் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறோம். கோயில் திண்ணையில் நாலு பேர்.

“யாரு வீட்டுக்கு?”

பெயரைச் சொன்னோம்.

“அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையே.” எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். “ஓ, அந்தப் பக்கத்து ஆளா? இப்படியே போயி ஓடையைத் தாண்டுங்க, காலனி வரும். ஆமா, நீங்க எந்த ஊரு? என்ன விஷயமா இந்நேரத்துல?”

ஓடையைத் தாண்டி வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் எங்களுக்கு முன்னால் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “நாளைக்குப் பார்ப்போம் தோழர். இப்பப் போயிருங்க.” உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வழி கேட்டதில் ஒரு புகார் போனது.

பைக்கில் ஜிபிஎஸ் மாட்டுவதைப் பற்றி நான் எழுதுவது இதனால்தான். சுற்றுலா போகிறவர்கள், லடாக்குக்குப் புல்லட் ஓட்டுகிறவர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு அது வசதி. நமக்கு அது வேறு. வழி கேட்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டுகிற நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கொரியர் கொண்டுபோகிற தம்பி, குழுக்கடன் வசூலுக்குப் போகிற தங்கை, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற அண்ணன், எல்லோருக்கும் இது தெரியும். “எப்படிப் போகணும்?” என்று நாம் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு மூன்று கேள்வி வரும். யார் வீடு, எந்தத் தெரு, நீ யார்? மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான்.

இது நேற்று வந்ததில்லை. 1901இல் சிறுவனாக இருந்த அண்ணல் அம்பேத்கர், சதாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த தன் அப்பாவைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலில் போனார். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அன்பாகத்தான் விசாரித்தார். யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவது, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவது என்று முடிவானது. வழியில் சுங்கச்சாவடியில் தண்ணீருக்காகத் தங்களை முஸ்லிம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை. போகிற வழியில் அடுத்தவரை நம்பி நிற்க வேண்டியிருந்தது, அங்கேதான் சாதி வந்து கையை நீட்டியது.

அந்த ஐப்பசி இரவில் எங்களிடம் இரண்டு குறை இருந்தது. ஒன்று, போன் பையில் இருந்தது. இரண்டு, மேப்பில் நம் தெரு இல்லை. முதல் குறையைக் கடையில் காசு கொடுத்துத் தீர்க்கலாம். இரண்டாவதை நாம்தான் தீர்க்க வேண்டும்.

முதலில் கடையில் வாங்குவதைப் பார்ப்போம். பைக்குக்கென்று தனி ஜிபிஎஸ் கருவிகள் விற்கிறார்கள். விலை அதிகம், நமக்குத் தேவையில்லை. வீட்டில் கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். அதில் சிம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. அதற்கு டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். முதல்முறை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வீட்டில் ஹாட்ஸ்பாட் போட்டு நம் மாவட்டத்தின் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், டவர் கிடைக்காத காட்டுப் பாதையிலும் வழி காட்டும். கூகுள் மேப்பில் இந்த வசதி உண்டு. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்றவை முழுக்கவே இப்படி இயங்குபவை.

இனி ஹோல்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும். நாலு மூலையையும் பிடிக்கிற, அலுமினியத்தில் செய்த ஹோல்டராக வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்பிரிங் வைத்தது நம் ஊர் வேகத்தடையில் இரண்டு வாரம் தாங்காது. ஹேண்டில்பாரில் மாட்டலாம், கண்ணாடிக் கம்பியிலும் மாட்டலாம். கண்ணாடிக் கம்பியில் மாட்டினால் பார்வைக்கு உயரமாக இருக்கும், ஆனால் அதிர்வு அதிகம், கண்ணாடியும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொள்ளும். எனக்கு மாட்டித் தந்த மெக்கானிக் தம்பி ஹேண்டில்பாரில்தான் வைத்தார். கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதன் மேல் திருகாணியை இறுக்கினார். வழுக்காது, அதிர்வும் குறையும்.

மாட்டியதும் ஸ்டாண்டு போட்டு ஹேண்டிலை இடது வலதாகக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். போன் டாங்கில் இடிக்கக் கூடாது. கிளட்ச், பிரேக் கேபிள் சிக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டரையும் இண்டிகேட்டர் விளக்கையும் மறைக்கக் கூடாது. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கினால் திரை தெரிய வேண்டும். இவை சரியாக இருந்தால் இடம் சரி.

புதிதாக வாங்கிய விலையுயர்ந்த போனை மாட்டாதீர்கள். பைக் இன்ஜினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய கேமராவுக்குள் அசையும் பாகங்கள் வைத்திருக்கிற எந்தப் போனுக்கும் இந்தச் சிக்கல் வரலாம். பழைய போன் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போலீஸ் பிடுங்கினாலும், யாராவது தட்டிவிட்டாலும் நம் தொடர்பு எண்கள் எல்லாம் அதோடு போய்விடாது என்பது இன்னொரு காரணம்.

அடுத்து சார்ஜ். திரை எரிந்துகொண்டே இருந்தால் பழைய போன் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் யுஎஸ்பி சார்ஜர் விற்கிறது. அதை பேட்டரியில் நேராகக் கொடுத்தால், நிறுத்திய வண்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள், நடுவே ஒரு பியூஸ் கட்டாயம். பழைய வண்டிகளில் ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுக்க விடாதீர்கள். அந்த லைன் பல வண்டிகளில் பேட்டரியிலிருந்து வருவதில்லை, ஆக்சிலேட்டரை முறுக்கினால் வோல்ட்டும் ஏறும், சார்ஜர் புகைந்துவிடும். ஹேண்டில் திரும்புகிற இடத்தில் ஒயரைத் தளர்வாக விடுங்கள். இத்தனை வேலை வேண்டாம் என்றால் ஒரு பவர்பேங்க்கைச் சின்னப் பையில் போட்டு டாங்கோடு கட்டிவிடலாம், அதுவும் சரிதான். மழைக்கு ஜிப் வைத்த உறை. சித்திரை வெயிலுக்கு நேர்மாறு: உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் போன் சூடேறித் தானாக அணைந்துவிடும்.

“போலீஸ் பிடிக்காதா?” என்று பலர் கேட்கிறார்கள். கையில் போனைப் பிடித்துப் பேசினால் குற்றம். ஆனால் வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தம் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹோல்டரில் மேப் ஓடலாம். வாட்ஸ்அப் ஓடக் கூடாது. போக வேண்டிய இடத்தை வண்டி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். தமிழ்க் குரல் இருக்கிறது, அதைப் போட்டால் திரையைப் பார்க்கிற வேலையும் பாதி குறையும்.

சட்டம் என்று வந்ததால் இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பைக் ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை என்று தனியாக எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் கொண்டுவந்து, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த பிரிவு 3(1)(இசட்ஏ)வைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. 2025 பிப்ரவரியில் மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது.

ஜிபிஎஸ்ஸுக்கு இது எதுவும் தெரியாது. 2017 டிசம்பரில் கூகுள் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டத் தொடங்கியது. கார் போகாத சந்து பொந்தெல்லாம் அது காட்டும். வண்டி போகுமா என்று மட்டும் அது பார்க்கிறது, வண்டியில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பதில்லை. அதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஊர்த்தெரு வழியாகப் போனால் நாலு நிமிடம் மிச்சம் என்று அது சொல்லும். எல்லாச் சாலையும் எல்லோருக்கும் என்று நம்புகிற ஒரே ஆள் இந்த நாட்டில் அதுதான் போலிருக்கிறது. அது சொல்வது சட்டப்படி சரி. அந்தத் தெருவில் போவது நம் உரிமை, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவு பத்து மணிக்கு, தனியாக, பின்னால் தங்கையை உட்கார வைத்துக்கொண்டு போகிறபோது எந்த வழி என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், போன் முடிவு செய்யக் கூடாது. கிளம்பும் முன் முழு வழியையும் ஒரு முறை விரல் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது குறை. ஊரின் பெயரைத் தட்டினால் மேப் ஏன் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிறது? அந்தப் புள்ளியை யாரோ வைத்திருக்கிறார்கள். ஊர் என்றால் ஊர்த்தெரு என்று நினைக்கிறவர் வைத்திருக்கிறார். ஓடைக்கு அந்தப் பக்கம் நம் தெருக்கள் கோடுகூட இல்லாமல் வெறும் பச்சையாகக் கிடக்கும். அப்படியே இருந்தாலும் ‘காலனி’ என்று ஒற்றைச் சொல். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்களின், குடியிருப்புகளின் பெயரை மாற்ற அரசாணை வந்தது. நல்லது. ஆனால் அரசாணை தாசில்தார் அலுவலகம் வரை வரும். நம் தம்பி ஹேண்டில்பாரில் இருக்கிற மேப்புக்கு அது தானாக வந்து சேராது.

அதை நாம் செய்யலாம். கூகுள் மேப்பில் விடுபட்ட சாலையையும் இடத்தையும் சேர்க்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நாமே தெருவை வரையலாம். பெயரே இல்லாத இடத்துக்கும் கூகுள் மேப்பில் பிளஸ் கோடு என்று ஒன்று கிடைக்கும். அந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை யாருக்காவது அனுப்பினால் நேராக அந்த வாசலுக்கே வந்துவிடலாம். பைக்கில் போனை மாட்டி, தெருத்தெருவாக மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் போன தடம் பதிவாகும். அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குடியிருப்பு முழுவதையும் வரைந்துவிடலாம். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு 108க்குப் போன் செய்து, “கோயில் தாண்டி, ஓடை தாண்டி” என்று அடையாளம் சொல்லிக்கொண்டே தெருமுனைக்கு ஓடிய அனுபவம் நம் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

“நம் தெருவை மேப்பில் போட்டால் தாக்க வருகிறவனுக்கும் வழி தெரிந்துவிடாதா?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான பயம். ஆனால் 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனிக்குத் தீ வைக்க வந்தவர்கள் மேப் பார்த்து வரவில்லை. அவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. வழி தெரியாமல் திண்டாடுவது ஆம்புலன்ஸும், கொரியரும், நம்மைத் தேடி வருகிற நம் ஆட்களும்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தெருவைப் போடுங்கள், ஆளைப் போடாதீர்கள். புகார் கொடுத்தவர் வீடு என்று எந்தக் குறிப்பும் கூடாது. விசாரிக்கப் போய்வந்ததும் போனில் தேடிய இடங்களை அழித்துவிடுங்கள். போன இடங்களைச் சேர்த்து வைக்கிற டைம்லைனை நிறுத்தி வையுங்கள். நாம் எங்கே போகிறோம் என்பது நம்பகமான இரண்டு பேருக்கு மட்டும் நேரலையாகத் தெரிந்தால் போதும். டெலிவரி வேலை பார்க்கிற தம்பிகளே, வேலை முடிந்ததும் கம்பெனி செயலியிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வழி காட்டுகிற கருவிதான் வேவும் பார்க்கும்.

“ஹோல்டர் மாட்டினால் சாதி ஒழிந்துவிடுமா?” என்று கேட்பவர்களுக்கு: ஒழியாது. 1929இல் சாளிஸ்காவில் அண்ணலை ஏற்றிக்கொண்டு போகக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். வழியில் அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் இருந்தது, லண்டன் படிப்பு இருந்தது, அந்தச் சாலையில் நம்பிப் போக ஒரு வண்டி இல்லை. நமக்கென்று வண்டி, அதை ஓட்டத் தெரிந்த கை, வழி தெரிந்த கண் என்பவை சின்ன விஷயம் என்று அதன் பிறகும் என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த ஊருக்கு இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனோம். இந்த முறை அந்தப் பையனின் அக்கா, கல்லூரியில் படிக்கிற பெண், பிளஸ் கோடு அனுப்பியிருந்தாள். “வாய்க்கால் கரை வழியா வாங்கண்ணா, ஊருக்குள்ள வர வேண்டாம்” என்றும் எழுதியிருந்தாள். போன் ஹேண்டில்பாரில் இருந்தது. எங்கும் நிற்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, யாரும் எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தியபோது அப்பா விளக்கைப் போட்டார். அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும் முன் அந்தப் பெண் கேட்டாள், “எங்க தெருவை மேப்ல சேர்க்கிறேன்ணா, என்ன பேரு போடட்டும்?” தலைவர்கள் பெயரை ஆளுக்கொன்றாகச் சொன்னோம். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும், “நாங்க எப்பவும் புளியமரத்துத் தெருன்னுதானே சொல்றோம்” என்றார். அதையே போட்டாள். அடுத்த முறை யார் தேடினாலும் புளியமரத்துத் தெரு என்று வரும்.

உங்கள் தெருவின் பெயர் மேப்பில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுங்கள்.

ஜெய்பீம்.